ஏடு எழுதியவரும் கோப்பு அனுப்புபவரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)

விழாக்குழுவினர் எனக்களித்த தலைப்பு 'கல்லூரியில் கவிதை' என்பது. இத்தலைப்பில் பேசுவோர் வழக்கமாகப் பாடத்திட்டத்தைக் குறை கூறுவர். பாடநூலில் இடம்பெறாத கவிஞர்களின் பட்டியலைப் படிப்பர். மாணவர்க்குச் சுவையுணர்வு குன்றிவிட்டது என்று வருந்தி அமர்வர். அவை அனைத்தையும் இதே அறையில் நானே இருமுறை செய்திருக்கிறேன். இன்று அவற்றைக் காட்டிலும் எளியதாகத் தோன்றும், ஆனால் எனக்கு இப்பொழுது பெரிதாகப் படுகின்ற ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு கவிதை இன்று கல்லூரி மாணவரின் கைக்கு எவ்வடிவில் போய்ச் சேருகிறது? போகும் வழியில் அதற்கு என்னென்ன நேர்கின்றன? வழியில் நேர்வதற்கு யார் பொறுப்பு?

ஏடெழுதியவர்களை நாம் நிரம்பப் பழித்திருக்கிறோம். பொருள் விளங்காத இடத்தில் 'ஏடெழுதுவோர் பிழை' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் உரைகாரர்க்கு வேலை முடிந்தது. பணி ஓய்வுக்கு முந்திய சில ஆண்டுகள் நான் கோப்பெழுதுவோனாக இருந்தேன். அன்று முதல் ஏடெழுதியவர்கள்மேல் எனக்கு ஓர் இரக்கம் பிறந்திருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் நீங்கள் அறியாததன்று. கல்லூரிகள் மூடப்பட்டன, 25ஆம் நாள் முதல் நாடே மூடப்பட்டது. கலை, அறிவியல், வணிகம் என எப்படிப்பில் சேர்ந்தவராயினும் பகுதி ஒன்றில் தமிழ் படித்தாக வேண்டிய மாணவர்கள் எங்கள் கல்லூரியில் பல நூற்றுவர். அவர்களுக்குப் பாடம் போக வேண்டும். துறையில் ஏழு ஆசிரியர்கள் இருந்தோம். எழுவரும் தத்தம்மிடம் இருந்ததைத் தொலைபேசி வழியே அனுப்பினோம். ஒருவர் பாடநூலின் பக்கங்களைச் சன்னலோர வெளிச்சத்தில் படம் பிடித்து அனுப்பினார். ஒருவர் பத்தாண்டுக்கு முன் எழுதிவைத்த குறிப்பேட்டைப் படம் பிடித்தார். ஓரத்தில் அவர் வீட்டு மளிகைக் கணக்கும் சேர்ந்து போயிற்று. இன்னொருவர் வேறு கல்லூரி நண்பரிடமிருந்து வாங்கியதை அப்படியே அனுப்பினார். அது எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர்க்கும் தெரியாது, நண்பர்க்கும் தெரியாது.

நான்காம் திங்களில் துறைத்தலைவர் என்னை அழைத்து, "உங்களுக்குத்தான் கணினி கொஞ்சம் வருமே ஐயா, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்" என்றார். 'கொஞ்சம் வரும்' என்னும் இந்தச் சொல் எத்தனை பேரின் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறதோ!

சேர்த்துப் பார்த்தேன். 400க்கும் மேற்பட்ட கோப்புகள். அவற்றின் பெயர்கள் ஒரு தனிக் காப்பியம். 'தமிழ்', 'தமிழ் புதியது', 'அலகு இரண்டு இறுதி', 'அலகு இரண்டு உண்மையான இறுதி' என்று நீண்டன. 'இறுதி' என்று பெயரிட்ட கோப்பு எதுவும் இறுதியானதாக இல்லை. ஒரே செய்யுட்பகுதி ஒன்பது கோப்புகளில் ஒன்பது பெயர்களோடு கிடந்தது; அவ்வொன்பதில் எதுவும் மற்றொன்றோடு முழுதும் ஒத்திருக்கவில்லை. தேர்வு வந்தபோது ஒரு வகுப்பார் ஒரு பாடத்தையும் அடுத்த வகுப்பார் வேறு பாடத்தையும் எழுதினர். திருத்தியவர் இருவர்க்கும் மதிப்பெண் அளித்தார். வேறென்ன செய்வார்?

வைப்பதற்கு இடம் ஒரு குறையன்று. மூடில் என்றொரு மென்பொருள் உண்டு. கல்லூரிப் பாடங்களை அலகு அலகாக அடுக்கி, மாணவர் வந்து எடுத்துக்கொள்ளவும் வினாக்களுக்கு விடை எழுதவும் வழிசெய்வது. 2002இல் அதன் முதற்பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாசு, ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வளர்ந்து, சிற்றலை வானொலி வழியே பள்ளிப்பாடம் கேட்டவர். தொலைவிலிருந்து படிப்பதன் துன்பம் அறிந்தவர். எவரும் விலையின்றி எடுத்து நிறுவிக்கொள்ளலாம். நாங்களும் நிறுவிக்கொண்டோம். அலமாரி வந்துவிட்டது. அலமாரிக்குள் எதை வைப்பது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

இரண்டாமாண்டு வரலாறு படித்த மாணவர் ஒருவர், பிறவியிலேயே பார்வையற்றவர். ஒரு மாலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஐயா, நீங்கள் அனுப்பிய பாடத்தில் எழுத்தே இல்லை ஐயா."

"பன்னிரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறேனே தம்பி."

"பக்கம் இருக்கிறது ஐயா. எழுத்து இல்லை."

அவர் பயன்படுத்தியது என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கி, இன்று உலகெங்கும் இலவசமாக வழங்கப்படுவது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும். ஆனால் நாங்கள் அனுப்பியவை எழுத்தின் ஒளிப்படங்கள். பார்வையுள்ள நமக்கு எழுத்தும் எழுத்தின் படமும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு. நிலவின் படத்தைப் பார்த்து யாரும் நிலவொளி என்று கொள்வதில்லை அல்லவா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு பக்கமும் அந்த மாணவர்க்குப் பன்னிரண்டு வெற்றுத் தாள்கள்.

எனக்கு வெட்கமாயிற்று. பழைய குறுந்தகடு ஒன்றில் அதே பகுதியை 1997ஆம் ஆண்டளவில் நானே தட்டச்சு செய்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. தேடி எடுத்து அனுப்பினேன். மறுநாள் அழைப்பு வந்தது. "எழுத்து இருக்கிறது ஐயா. ஆனால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதேதோ படிக்கிறது."

அதற்குக் காரணம் அக்காலத்து எழுத்துருக்கள். தொண்ணூறுகளில் தமிழில் கணினி வழி எழுதியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பம்போல் ஏற்றியிருந்தனர். ஒன்றில் 'அ' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ணு' இருக்கும். எழுத்துரு கூடவே போனால் கவிதை, போகாவிட்டால் கிறுக்கல். இக்குழப்பம் தீர வேண்டும் என்றுதான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது; தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் அதன் விளைவுகள். வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கி என்னும் குறியாக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தமிழ்க்கு 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இடமிருந்தும், அது பரவலாகப் புழக்கத்திற்கு வர ஏறத்தாழ பதினைந்தாண்டு ஆயிற்று. தமிழக அரசு 2010இல்தான் அதை முறைப்படி ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான தமிழின் பெரும்பகுதி இன்று படிக்கப்படாமல் குறுந்தகடுகளில் உறங்குகிறது. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் எக்கோப்பு எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டது என்று எழுதியவர் சொன்னால்தானே மாற்ற முடியும்? பலர் இன்று சொல்லும் நிலையில் இல்லை.

மூன்றாம் முறை அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒருங்குறியில் புதிதாகத் தட்டச்சு செய்தேன். ஐந்து இரவுகள் ஆயின. அனுப்பினேன். மாணவர் அழைத்தார். "படிக்கிறது ஐயா! நன்றாகப் படிக்கிறது. ஒன்றே ஒன்று, 'ஒ, ள, வையார்' என்று ஒரு பெயர் வருகிறது. அது ஔவையாரா ஐயா?"

ஆம், அது நான் செய்த பிழை. 'ஔ' என்னும் ஓரெழுத்தை அடிப்பதற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்திருந்தேன். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, காதுக்குத் தெரியும். நாற்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கு அம்மூதாட்டியின் பெயரில் உயிரெழுத்து எது என்பதைக் கண்ணில்லாத ஒருவர் சுட்டிக்காட்டினார். இதுபோன்று இன்னும் பல. 'பாரதம்' என்பதில் காலுக்குப் பதில் ரகரத்தை இட்டுப் 'பரரதம்' என்று எழுதப்பட்ட கோப்புகளை நான் நிறையக் கண்டேன். பழைய அச்சுப் பக்கத்தைப் பார்த்துத் தானே எழுத்தாக்கும் கருவிகள் இப்பிழையைத் தாராளமாகச் செய்கின்றன. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய துதிக்கை வைத்த ணகர ஐகாரமும் லகர ஐகாரமும் வந்துவிட்டால் அவற்றுக்குத் திகைப்பு இன்னும் கூடும். 'கொ' என்னும் எழுத்தையோ கணினி இருவகையாக மனத்தில் வைத்துக்கொள்ள இயலும்: ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு எண்களாக; அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று எண்களாக. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். இவ்வேறுபாட்டைச் சமன்செய்யத் தெரியாத மென்பொருளில் 'கொன்றை' என்று தேடினால் பாதிக் கொன்றை கிடைக்கும், பாதி கிடைக்காது.

அந்த மாணவர் பட்டம் பெற்றுச் செல்லும்வரை எங்கள் துறையின் பிழைதிருத்துநர் அவரே. அவர் செவியால் கேட்டு ஒப்புக்கொண்ட பின்னரே எக்கோப்பும் அலமாரி ஏறியது. என் பணிக்காலத்தில் நான் பெற்ற சிறந்த பதிப்பாசிரியர் அவர் என்று இவ்வவையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இனிக் கவிஞர்களாகிய உங்களுக்கு நேரே தொடர்புடைய ஒன்று. வெண்பா ஒன்றைக் கோப்பிலிருந்து நகலெடுத்துத் தொலைபேசியில் ஒட்டும்போது அடிகளெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து உரைநடைபோல் ஓடிவிடும். ஆயினும் பெருந்தீங்கு இல்லை. யாப்பறிந்தவர் சீர் எண்ணி நான்கடியையும் மீட்டுவிடலாம். ஓரெழுத்து விழுந்தாலும் தளை தட்டிக் காட்டிக்கொடுக்கும்; எதுகை துணை நிற்கும்; ஈற்றடி முச்சீரில் நாள், மலர், காசு, பிறப்பில் வந்து முடிந்தாக வேண்டும். அந்தாதியாயின் ஏடுகள் கலைந்தாலும் முடிந்த சொல் அடுத்த பாட்டின் முதலைச் சொல்லும். நம் முன்னோர் யாப்பை ஓசைக்காக மட்டும் வகுத்தனர் என்று மாணவர்க்குச் சொல்லிவந்தேன். படியெடுப்பவன் கைமேல் அவர்களுக்கு இருந்த ஐயமும் அதில் கலந்திருக்க வேண்டும் என்று இப்பொழுது தோன்றுகிறது.

புதுக்கவிதைக்கு அந்தக் காவல் இல்லை. அதன் அடி எங்கே முறிகிறது, எங்கே ஒரு வரி வெற்றிடம் நிற்கிறது என்பது கவிஞர் ஒருவர் மனத்தில் மட்டும் இருந்து தாளில் ஒருமுறை பதிந்தது. அது கலைந்தால் மீட்க எந்த இலக்கணமும் உதவாது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் கவிதை ஒரு கல்லூரிப் பாடத்தொகுப்பில் இடம்பெற்றது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது, இனிப்பும் வழங்கினோம். மறுஆண்டு அத்தொகுப்பின் கோப்பு வடிவம் எனக்கு வந்தது. பக்கம் திரும்பிய இடத்தில் இறுதிப் பகுதி முழுதும் விடுபட்டிருந்தது. எஞ்சிய வரிகள் பத்தியாய் ஒட்டிக் கிடந்தன. கவிஞர் பெயர் இருந்த இடத்தில் பாடப்பிரிவின் எண் இருந்தது. அதையே மாணவர்கள் மனப்பாடம் செய்து, 'இக்கவிதை திடீரென முடிவது நவீனக் கவிதையின் உத்தி' என்று தேர்வில் எழுதினர். விடைத்தாள் திருத்தும் முகாமில் அந்த விடையை நானே படித்தேன். நம் நண்பரிடம் இதைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று. அவர் சிரித்தார், பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இவ்விடத்தில் உ.வே. சாமிநாதையரை நினையாமல் இருக்க இயலாது. 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் செய்தவற்றுள் நாம் அதிகம் போற்றாத ஒன்று உண்டு. எவ்வெவ்வூரில் எவரெவரிடமிருந்து ஏடு கிடைத்தது என்று பெயர் சொல்லி எழுதினார். ஏடுகளுக்குள் வேறுபாடு கண்ட இடத்தில் தமக்குச் சரியெனப் பட்டதை மேலே வைத்தாலும் மற்றதை எறிந்துவிடாமல் பாடவேறுபாடாகக் குறித்தார். அவர் முடிவு தவறாயின் நாம் திரும்பிச் சென்று பார்க்கலாம். ஒன்பது கோப்புகளை வைத்துக்கொண்டு நான் விழித்தபோது எனக்குக் கைகொடுத்தது அவ்வழக்கமே. கணினி நூல் எதுவும் இல்லை.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் சில வரிகள் கட்டாயம் என்று துறையில் முடிவு செய்தோம். ஆசிரியர் பெயர், நூற்பெயர், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, பதிப்பித்தவர், பக்க எண், தட்டச்சு செய்தவர், ஒப்புநோக்கியவர், நாள். கோப்பின் பெயரில் 'இறுதி' என்னும் சொல்லுக்குத் தடை. திருத்திய நாள் மட்டும் இருக்கும். பழைய வடிவம் அழிக்கப்படாமல் தனி உறையில் கிடக்கும். நூலகத்துறையினர் இதற்கெனவே ஒரு முறை வைத்திருக்கின்றனர். 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் கூடி வகுக்கத் தொடங்கியமையால் டப்ளின் கோர் என்று பெயர். 15 கூறுகள் கொண்டது. எங்கள் ஒன்பதும் அதற்குள் அடங்கும். சக ஆசிரியர் ஒருவர், "பாடம் நடத்தவா, பத்திரப்பதிவு அலுவலகம் நடத்தவா?" என்று சலித்துக்கொண்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு கவிதைக்கு ஒன்பது வரித் தலைப்பு எழுதுவது கவிதையைவிட நீளமாகிவிடும் நாள்களும் உண்டு.

இத்தகைய ஒழுங்கைத் தமிழில் எங்களுக்கு முன்பே செய்து காட்டியவர்கள் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். அங்குள்ள நூல்களின் தலைப்பில் தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயர்களைக் காணலாம். ஏட்டின் இறுதியில் எழுதி முடித்தவன் தன் பெயரும் ஊரும் நாளும் எழுதுவானே, அதே மரபு. பிறகு 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்குகிறது. இவ்விரண்டும் இருந்தமையால் சங்க நூல்களுக்கு நாங்கள் மீண்டும் கைவலிக்க அடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கில உலகில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை எல்லார்க்கும் திறந்து வைப்பதாக அறிவித்ததும் அதே 2001இல்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

எல்லார்க்கும் திறந்து வைப்பது என்றதும் உங்களில் சிலர் முகம் மாறுவது தெரிகிறது. உரிமைச் செய்தியைத் தொடாமல் நான் அமர முடியாது.

தமிழர்க்கு இதில் ஒரு பெருமை உண்டு. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. 1955இல் அவற்றை மக்கள் உடைமையாக்கியது. பின்னர்ப் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. இந்நூல்களைக் கோப்பாக்க யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. மற்றவர்க்கு, நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழியும்வரை உரிமை நிற்கும். வாழும் கவிஞர் நிலை என்ன? 2012இல் டில்லியில் ஒரு வழக்கு எழுந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள், பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற ராமேசுவரி என்னும் நகலகத்தின்மீதும் டில்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் தொடுத்தது. 2016 செப்டம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரில் இருநீதிபதி ஆயம், கற்பித்தலுக்குத் தேவையான அளவு படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்னும் கருத்தை ஏற்று, அத்தேவை இருந்ததா என்பதை மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆசிரியனாக எனக்கு இத்தீர்ப்பு மகிழ்ச்சி தந்தது. ஏழை மாணவர் பலர் படித்தது இத்தகைய நகல்களால்தான். ஆனால் அதைக் காட்டி எதையும் எங்கும் ஏற்றலாம் என்று சிலர் பேசுவது எனக்கு உடன்பாடன்று. கற்பித்தலின்பொருட்டு வகுப்பு மாணவர்க்குக் கொடுப்பது வேறு. கவிஞரின் முழுத்தொகுப்பையும் உலகத்தார் எடுத்துக்கொள்ள வெளியில் வைப்பது வேறு. ஐந்நூறு படி அச்சிட்டு, அதில் முந்நூறைத் தாமே கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் கவிஞர்களை நான் அறிவேன். எங்கள் அலமாரியில் வாழும் கவிஞர் பாடல்களுக்குக் கதவும் பூட்டும் உண்டு. வகுப்பில் பதிந்த மாணவர் மட்டுமே உள்ளே வரலாம். மேலும் ஒன்று. உரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் ஆசிரியர்க்கு இரண்டு உரிமைகளைக் காக்கிறது: இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, தம் பெயர்க்கு ஊறு நேரும்படி அது சிதைக்கப்பட்டால் தடுக்கும் உரிமை. நம் நண்பரின் கவிதைக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். பணம் கேட்க அவர்க்கு வழியில்லாமல் போகலாம். பெயரும் இறுதிப் பகுதியும் கேட்க வழியுண்டு. அவர் கடிதம் எழுதினார். அக்கல்லூரி திருத்திய படியை அனுப்பிற்று. விடுபட்ட வரிகளோடு தேர்வெழுதிய மாணவர்க்கு அதை அனுப்புவார் யார்?

வைத்த இடம் நிலைக்குமா என்பது இன்னொரு கவலை. தொண்ணூறுகளின் இறுதியில் ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் தமிழன்பர் பலர் பக்கங்கள் அமைத்திருந்தனர். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றோர் அள்ளியவை தவிர மற்றவை போயின. எங்களுக்கும் நேர்ந்தது. ஊரடங்கில் பதிவுசெய்த விரிவுரைகளை ஒரு பெருநிறுவனத்தின் இலவச இடத்தில் வைத்திருந்தோம், எல்லையில்லை என்றார்கள், ஒருநாள் எல்லை வகுத்தார்கள். எதை அழிப்பது என்று துறையில் கூட்டம் போட்டு முடிவு செய்தோம். மறைந்த சக ஆசிரியர் ஒருவரின் குரலில் இருந்த சிலப்பதிகார வகுப்புகளை எவரும் அழிக்க ஒப்பவில்லை. அவற்றை மூன்று தனித்தனிப் பேழைகளில் படியெடுத்து, ஒன்றைத் துறையிலும் ஒன்றை நூலகத்திலும் ஒன்றை அவர் மகள் வீட்டிலும் வைத்தோம்.

1981 சூன் முதல் நாள் விடியலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் என்பர். ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தவை மீளவே இல்லை. 2005இல் ஈழத்தவர் நூலகம் என்னும் பெயரிலேயே ஓர் இணையத் திட்டம் தொடங்கி, ஊர் ஊராகச் சிறுநூல், மலர், துண்டறிக்கை என அனைத்தையும் படியெடுத்து வைக்கின்றனர். கோயில் திருவிழா மலரும் பள்ளி ஆண்டு மலரும் அங்கே நூல்களுக்கு இணையான மதிப்போடு இருக்கக் கண்டேன். நமக்கு அவை பழைய தாள். அவர்களுக்கு அப்படி இல்லை.

அதனால் நம் வட்டத்தின் செய்திக்கு வருகிறேன். கூட்டந்தோறும் நாம் வழங்கிய கவிதைத் தாள்களை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, அடி முறிவு மாறாமல், ஒவ்வொன்றையும் எழுதியவரிடமே காட்டி ஒப்புதல் பெற்று ஒரு தொகுப்பாக்கலாம் என்று செயலாளர் ஐயாவிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். மூன்று கல்லூரி மாணவியர் உதவ முன்வந்துள்ளனர். யார் தம் கவிதையை எல்லார்க்கும் திறந்து வைக்கச் சம்மதிக்கிறார், யார் வகுப்பறைக்கு மட்டும் என்கிறார், யார் வேண்டாம் என்கிறார் என்பதற்கு ஒரு படிவம் வாயிலில் இருக்கிறது. வேண்டாம் என்பவரை யாரும் குறை கூற வேண்டா.

தாள்களை எடுத்து அடுக்கியபோது ஒன்று தெரிந்தது. கல்யாண மண்டபத்து நகலகத்தில் எடுத்த, ஓரம் பழுத்த தாள்களெல்லாம் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. செயலாளர் வீட்டுப் பரண் அவற்றைக் காத்திருக்கிறது. கிடைக்காதவை 2020 ஏப்ரலுக்குப் பின் நாம் இந்த அறையில் கூட முடியாமல் தொலைபேசிக் குழுவில் அனுப்பிக்கொண்ட கவிதைகள். அத்திங்கள்களில் நம்மோடு இருந்து பின்னர் மறைந்த இருவரின் கடைசிக் கவிதைகளும் அவற்றுள் அடக்கம். ஒருவர் எழுதி அனுப்பினார். மற்றவர் குரலில் படித்து அனுப்பினார். நான் அப்பொழுது வைத்திருந்த கருவி பழுதாகி மாற்றிவிட்டேன். படி எடுத்து வைக்கவில்லை. கோப்புகளைப் பற்றி இத்தனை நேரம் பேசியவன் செய்த வேலை அது.

உங்களில் எவரேனும் அக்காலத்துத் தொலைபேசியைப் பெட்டியிலோ மேசையறையிலோ போட்டு வைத்திருந்தால், உடைந்திருந்தாலும் சரி, மின்னூட்டம் ஏறாவிட்டாலும் சரி, அடுத்த திங்கள் கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். திறந்து பார்க்கத் தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்திருக்கிறேன்.